வாய் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறது: நீண்டகால நினைவு பதிவதும் சறுக்குவதும்

மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை என்ற தோட்டப்புறச் சிற்றூருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப்பலகை மாறியது, முகவரி மாறியது. ஆனாலும் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் "எங்கண்ணே போறீங்க?" என்று கேட்டால் "பத்தாங் பெர்ஜுந்தைக்கு" என்றுதான் பதில் வரும். புதுப்பெயர் அவருக்குத் தெரியாமல் இல்லை. பாரத்தில் எழுதச் சொன்னால் சரியாகவே எழுதுவார். நன்றாகத் தெரிந்த ஒன்று வேண்டிய நேரத்தில் ஏன் முன்னே வருவதில்லை? கூப்பிடாத ஒன்று ஏன் முந்திக்கொள்கிறது? இதற்கு விடை தேடப் போனால் நினைவின் இயக்கம் முக்கால்வாசி புரிந்துவிடும்.

நினைவை ஒரு ஸ்டோர் அறையாக நினைப்பது நம் பழக்கம். சாமான் உள்ளே போகிறது, அலமாரியில் இருக்கிறது, வேண்டும்போது எடுக்கிறோம், தொலைந்தால் மறதி. மூளையில் அப்படி ஒரு அலமாரி கிடையாது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நினைவு என்பது அவற்றில் சிதறிக் கிடக்கும் ஒரு கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் விதம். தீபாவளிக் காலையை நினைக்கும்போது எண்ணெய் வாசம் ஓரிடத்திலிருந்தும், பட்டாசுச் சத்தம் வேறோரிடத்திலிருந்தும், அம்மாவின் முகம் இன்னோரிடத்திலிருந்தும் வந்து அந்தக் கணத்தில் கூடுகின்றன. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டிக் கட்டப்படுவதால்தான் நினைவு வேலையும் செய்கிறது, தப்பும் செய்கிறது.

வாசலில் நிற்கும் சின்னத் திண்ணை

நீண்டகால நினைவுக்குள் போகுமுன் எதுவும் ஒரு சின்னத் திண்ணையில் உட்கார வேண்டும். அதற்குச் செயல்நினைவு என்று பெயர். 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் அதில் ஏழு பேர் உட்காரலாம், ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம் என்றார். 2001இல் நெல்சன் கோவன், மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் உபாயத்தைத் தடுத்துவிட்டால் உண்மையான இடம் நான்கு பேருக்குத்தான் என்று காட்டினார்.

அப்படியானால் 12 இலக்க ஐசி (அடையாள அட்டை) எண்ணை நாம் எப்படி மனப்பாடமாகச் சொல்கிறோம்? முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அது ஏற்கெனவே தெரிந்தது, எனவே ஒரே கட்டு. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்: சிலாங்கூருக்கு 10, பேராக்கிற்கு 08. மிச்சம் நான்கு. அதிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. பன்னிரண்டு பேர் மூன்று குடும்பமாகிவிட்டார்கள், திண்ணை போதும். பொருளில்லாத பன்னிரண்டு எண்களைக் கொடுத்தால் இதே ஆள் பாதியில் திணறுவார். ஏற்கெனவே தெரிந்ததோடு முடிச்சுப் போட்டது உள்ளே போகும், முடிச்சில்லாதது திண்ணையிலிருந்தே விழுந்துவிடும்.

விழுந்துவிட்டதை நாம் "மறந்துட்டேன்" என்கிறோம். அது மறதியே அல்ல, பதியவே இல்லை. 50 சென் நாணயத்தை எத்தனை ஆயிரம் முறை கையில் வாங்கியிருப்போம்? பார்க்காமல் அதை வரைந்து பாருங்கள். பூ இருக்கும் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, எண் எந்தப் பக்கம், எழுத்து எந்தத் திசையில் ஓடுகிறது? 1979இல் அமெரிக்கர்களிடம் அவர்கள் நாட்டு ஒரு சென் காசை வைத்து இந்தச் சோதனையைச் செய்தபோது பெரும்பாலோர் தப்பாகவே வரைந்தார்கள். நிறமும் அளவும் போதும் என்னும்போது மூளை மற்றதற்குக் கவனம் கொடுப்பதில்லை. சாவியை எங்கே வைத்தோம் என்பதும் இதே கதைதான்: வைக்கும்போது கவனம் கைத்தொலைபேசியில் இருந்தது. பிற்பாடு மண்டையைக் குடைந்து பயனில்லை.

கை மறக்காது, வாய் சொல்லாது

நீண்டகால நினைவு ஒன்றல்ல, பல. 1972இல் எண்டல் டல்விங் என்ற ஆய்வாளர் இரண்டைப் பிரித்துக் காட்டினார். தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது, அதைச் செய்தவர் ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் என்று தெரிந்து வைத்திருப்பது தகவல் நினைவு. எங்கே, எப்போது படித்தோம் என்பது அதில் ஒட்டியிருக்காது. அந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதது நிகழ்வு நினைவு. அதில் நாமும் இருக்கிறோம், இடமும் நேரமும் இருக்கின்றன. (செம்பனைக்குப் பேர்போன தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பெயர், தகவல் நினைவில் ஒட்ட இதைவிட நல்ல பசை கிடைக்காது.)

மூன்றாவது செய்முறை நினைவு. இதற்குப் பால் வெட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் போக வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் இப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும். ஒரு வெட்டுக்குச் சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். ஆழமும் கணக்கு: மரத்தோடு ஒட்டிய வளர்படலத்துக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட வேண்டும். கத்தி அதையும் தாண்டினால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும், அந்த இடத்தில் அடுத்து வெட்ட முடியாது. இவ்வளவையும் விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நானூறு, ஐந்நூறு மரத்துக்குச் செய்தவரிடம் "எவ்வளவு ஆழம் வெட்டுவீங்க?" என்று கேளுங்கள். சொல்லத் தெரியாது, கத்தியைக் கொடுத்தால் செய்து காட்டுவார். இந்த நினைவு மூளையின் அடிக்கருக்களிலும் சிறுமூளையிலும் பதிகிறது. சொற்களில் வெளியே வராது.

சொல்லக்கூடிய நினைவும் செய்முறை நினைவும் வெவ்வேறு என்பது வெறும் வகைப்பிரிப்பு அல்ல. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலெய்சன் என்ற 27 வயது இளைஞருக்குக் கடுமையான வலிப்பு. அதை அடக்க வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவர் மூளையின் இருபுறமும் காதோரப் பொட்டுக்கு உட்பக்கமாக இருக்கும் பகுதியை அகற்றினார். அதில் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியும் போயிற்று. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடற்குதிரை என்று பொருள், அதன் வளைந்த வடிவத்துக்காக வைத்த பெயர். வலிப்பு குறைந்தது. அறிவுக்கூர்மை குறையவில்லை, பேச்சு இருந்தது, சிறுவயது நினைவும் இருந்தது. ஆனால் அன்று முதல் நடந்த எந்தப் புது நிகழ்ச்சியும் அவரிடம் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்தார். ஒவ்வொரு சந்திப்பும் அவருக்கு முதல் சந்திப்பு. அதே மில்னர், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரக்கோட்டை வரையச் சொன்னார். மூன்று நாளில் ஹென்றியின் கை தேறிவிட்டது. இதற்குமுன் வரைந்திருக்கிறீர்களா என்றால், இல்லை என்பதே அவர் பதில். 2008இல் இறக்கும்வரை ஆய்வேடுகளில் அவர் பெயர் எச்.எம். என்ற இரண்டு எழுத்தாகவே இருந்தது.

பால் உறைவதுபோல

கறந்த ரப்பர் பால் தண்ணீரைப்போல ஓடும். தட்டில் ஊற்றி ஃபார்மிக் அமிலம் சேர்த்து, அசைக்காமல் விட்டால் உறைந்து கட்டியாகும்; அதன்பின் உருளையில் கொடுத்துத் தகடாக்கலாம். உறையுமுன் மழை பெய்து மங்கில் தண்ணீர் கலந்தால் அன்றைய உழைப்பு வீண். நினைவும் உறைய வேண்டிய பொருள்தான்.

ஒரு நிகழ்வு பதியும்போது நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் சில நிமிடங்களுக்கு வலுக்கூடுகின்றன. இது தற்காலிகம். அது நிலைக்க வேண்டுமானால் அணுக்குள் மரபணுக்கள் இயங்கிப் புதிய புரதங்கள் உருவாகி, புதிய இணைப்புகளே முளைக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எரிக் காண்டெல் தேர்ந்தெடுத்தது மனிதனை அல்ல, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் மட்டுமே உள்ள ஒரு கடல் நத்தையை. 2000இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். புரதம் உருவாகும் வேலைக்கு மணிக்கணக்கு ஆகும்.

மோட்டாரில் போய் விழுந்து தலையில் அடிபட்டவர், விழுந்தது மட்டுமல்ல, அதற்கு முந்திய சில நிமிடங்களும் நினைவில்லை என்பார். நடிப்பல்ல. அந்த நிமிடங்கள் உறையுமுன்னே தட்டு கவிழ்ந்துவிட்டது.

அணுவுக்குள் நடப்பது முதல் உறைதல். இரண்டாவது ஒன்று உண்டு, அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். புது நினைவின் துண்டுகளை எல்லாம் ஆரம்பத்தில் கோர்த்துப் பிடித்திருப்பது ஹிப்போகேம்பஸ். நாள் செல்லச்செல்ல மூளையின் மேற்பட்டைப் பகுதிகள் தங்களுக்குள்ளேயே இணைந்துகொள்கின்றன, கோர்த்த கையின் தேவை குறைகிறது. இந்த இடமாற்றத்தில் ஆழ்ந்த உறக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பகலில் இயங்கிய அதே நரம்பணு வரிசைகள் உறக்கத்தில் மீண்டும் வேகமாக ஓடுவது எலிகளின் மூளையில் பதிவாகியிருக்கிறது. தேர்வுக்கு முந்திய இரவு விடிய விடியப் படிப்பவன் பாலைக் கறந்துகொண்டே இருக்கிறான், உறைய விடவில்லை.

எண்பது வயதுப் பாட்டிக்கு 1960களில் லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்தத் தண்டல் (வேலை மேற்பார்வையாளர்) கோபக்காரர், ஆயக்கொட்டகையில் யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார் எல்லாம் வரிசையாக வரும். காலையில் என்ன பசியாறினார் என்பது வராது. நெடுங்காலம் உறைந்தது கெட்டியாக நிற்கிறது, புதிதாக உறைய வைக்கும் கருவிதான் தளர்ந்துவிட்டது. புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும் என்பதை 1881லேயே தியோடுல் ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதிவிட்டார். "அந்தக் காலத்துக் கதை எல்லாம் ஞாபகம் இருக்கு, பாட்டிக்கு ஒன்னுமில்ல" என்று சொல்வது அதனால்தான் ஏமாற்றும் ஆறுதல்.

ரப்பர் உவமை ஓரிடத்தில் உடைந்துபோகிறது. உறைந்த ரப்பர் திரும்பவும் பாலாகாது. உறைந்த நினைவு ஆகும். ஒரு நினைவை வெளியே எடுக்கும்போது அது கொஞ்ச நேரம் இளகுகிறது, மறுபடி உறைய மறுபடி புரதம் வேண்டும். 2000இல் கரீம் நாதெர் எலிகளிடம் இதைக் காட்டினார்: பயத்தை நினைவூட்டிய உடனே புரத உருவாக்கத்தைத் தடுத்தால் அந்தப் பய நினைவு மங்கிவிட்டது. இளகிய நேரத்தில் புதிதாக ஏதாவது விழுந்தால் அதுவும் சேர்ந்தே உறையும். அடிக்கடி சொல்லப்படும் குடும்பக் கதை சொல்லச்சொல்ல மெருகேறுவது எப்படி என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

எவ்வளவு மறக்கிறோம்

1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளின் பட்டியல்களைத் தாமே மனனம் செய்து, தம்மையே சோதித்து அளந்தார். ஒரு பட்டியலை மீண்டும் கற்கும்போது முதல்முறை ஆன நேரத்தில் எத்தனை விழுக்காடு மிச்சமாகிறது என்பது அவர் அளவுகோல். 20 நிமிடம் கழித்து 58 விழுக்காடு மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. ஒரு மாதம் கழித்தும் 21. முதல் நாளிலேயே பெரும்பகுதி கரைந்துவிடுகிறது, அதன்பின் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பொருளுள்ள பாடத்துக்கு இந்தச் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்காது. ஆனால் வளைவின் வடிவம் அதேதான்.

கரைவதற்குக் காலம் மட்டும் காரணமல்ல, குறுக்கீடு பெரிய காரணம். பத்தாங் பெர்ஜுந்தை முன்னே வருவது இதனால்தான். ஊர் என்ற ஒரே கொக்கியில் இரண்டு பெயர் தொங்குகிறது. பழையது பல்லாயிரம் முறை எடுத்துப் பழகியது, புதியது எப்போதோ பாரத்தில் எழுதியது. பழையது புதியதைத் தள்ளுகிறது. இதன் மறுபக்கமும் உண்டு: வங்கி அட்டையின் ரகசிய எண்ணை மாற்றி ஆறு மாதம் ஆனால், பழைய எண்ணைக் கேட்டால் வராது. எஸ்.பி.எம். வரலாற்றில் 1824 ஆங்கிலேய–டச்சு ஒப்பந்தம், 1826 நீரிணைக் குடியேற்றங்களின் உருவாக்கம். பக்கத்துப் பக்கத்து எண், பக்கத்துப் பக்கத்துப் பாடம். மாணவர்கள் மாற்றி எழுதுவது சோம்பலால் அல்ல. இப்படிப்பட்ட இரண்டை ஒரே நாளில் அடுத்தடுத்துப் படிக்காமல், வேறுபாட்டை ஒரு வாக்கியமாக எழுதி வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

சில வேளை நினைவு உள்ளே நன்றாகவே இருக்கும், கதவுதான் திறக்காது. "அவர் பேரு... ம-ல ஆரம்பிக்கும்..." என்று நாக்கு நுனியில் நிற்கும் சொல் அப்படிப்பட்டது. முதல் எழுத்தும் நீளமும் தெரியும், சொல் வராது. அந்த நேரத்தில் ஒரே தப்பான பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் அந்தத் தப்புதான் பலப்படுகிறது. விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தால் தானாக வரும். அல்லது பதிந்த சூழலுக்கே போக வேண்டும். 1975இல் முக்குளிப்பவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது: தண்ணீருக்கடியில் கற்ற சொற்கள் தண்ணீருக்கடியிலும், கரையில் கற்றவை கரையிலும் கூடுதலாக நினைவுக்கு வந்தன. அறையிலிருந்து எழுந்து அடுப்படிக்கு வந்து "எதுக்கு வந்தேன்?" என்று நிற்பவர் திரும்பவும் அறைக்கே போய் நின்று பார்ப்பது சரியான வைத்தியம். பல ஆண்டு கழித்துப் புகைக்கூடத்து ரப்பர் வாடை மூக்கில் பட்டதும் ஒரு தோட்டமே கண்முன் எழுவதும் இதுவே.

உறுதியாகத் தெரியும் என்பவர்

மறப்பது சின்னப் பிரச்சினை. நடக்காததை நினைவில் வைத்திருப்பதுதான் பெரிய பிரச்சினை.

1974இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 150 மாணவர்களுக்கு ஒரு வாகன விபத்துப் படத்துண்டைக் காட்டினார்கள். 50 பேரிடம் காடிகள் "மோதியபோது" என்ன வேகம் என்றும், இன்னொரு 50 பேரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு சொல்தான் வேறு. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதில், "மோதியபோது" கூட்டத்தில் 7 பேரும் "நொறுங்கியபோது" கூட்டத்தில் 16 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வியில் இருந்த சொல் நினைவுக்குள் புகுந்து கண்ணாடியை உடைத்துவிட்டது.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. சந்திப்பில் விபத்து நடந்தால் நாலு பேர் கூடி "சிவப்பு காடிதான் வேகமா வந்துச்சு, பாத்தீங்கள்ல?" என்று பேசிக்கொள்வோம். பத்து நிமிடத்தில் நாலு பேர் நினைவும் ஒன்றாகிவிடும். பிறகு நால்வரும் ஒரே மாதிரிச் சொல்வதால் அது உண்மை என்று போலீசும் நினைக்கும். பார்த்தவர் முதலில் யாரிடமும் பேசாமல், கைத்தொலைபேசியில் தன் குரலிலேயே பார்த்ததைப் பதிவு செய்யட்டும்: எங்கே நின்றேன், எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை. இந்த மூன்றாவதுதான் பிற்பாடு முதலில் மாறும். அமெரிக்காவில் தவறாகத் தண்டிக்கப்பட்டு மரபணுச் சோதனையால் விடுதலையான வழக்குகளில் பாதிக்கும் மேலானவற்றில் நேரில் பார்த்த சாட்சி ஆளை மாற்றி அடையாளம் காட்டியிருந்தார்.

"அதிர்ச்சியான சம்பவம் மட்டும் அப்படியே படம் பிடிச்ச மாதிரி இருக்கும்" என்பார்கள். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம் செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் மீண்டும் கேட்டதில் 11 பேர் முக்கிய விவரம் எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னார்கள், அதுவும் பலர் முழு நம்பிக்கையோடு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 16ஆம் தேதி இரவு அறிவிக்கப்பட்டது, 18ஆம் தேதி தொடங்கியது. அந்த அறிவிப்பைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள் என்று வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதச் சொல்லி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். உணர்ச்சி நிகழ்வின் மையத்தை ஆழமாகப் பதிக்கும், ஓரங்களைப் பதிக்காது. ஓரங்களை மூளை பிறகு நிரப்பிக்கொள்ளும்.

படிக்கிற பிள்ளைக்கு

புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் மஞ்சள் மையில் கோடு போடுவதும் பரிச்சய உணர்வைத் தருமே தவிர நினைவைத் தருவதில்லை. 2006இல் ரோடிகர், கார்பிக் இருவரும் செய்த சோதனையில், ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். ஒரு முறை படித்து, ஒரு முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: இரண்டு முறை படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. படித்த அன்றே சோதித்தால் தப்பான முறைதான் ஜெயிக்கும். அதனால்தான் பிள்ளைகள் அதை விடுவதில்லை.

செய்ய வேண்டியது இது. ஒரு பாடத்தைப் படித்துப் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் தெரிந்ததை எழுத வேண்டும். பிறகு திறந்து, விட்டதை மட்டும் சிவப்பில் சேர்க்க வேண்டும். மறுநாள் முதலில் எழுதிப் பார்த்துவிட்டு அதன்பின்தான் புத்தகம். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். பொதுவாக, தேர்வுக்கு இருக்கும் நாளில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்றுவரை இடைவெளி விடுவது நல்ல கணக்கு. எழுதும்போது திணறினால் அது நல்ல அறிகுறி; சுலபமாக வருவதைத் திரும்ப எடுப்பதால் இணைப்பு அதிகம் வலுக்காது. வரிசையாக நினைவில் வைக்க வேண்டியதைத் தெரிந்த வழியில் மாட்டிவைக்கலாம்: கோயில், கடை, ஆபீஸ், பழைய லயம், பந்துத் திடல் என்று மனத்துக்குள் நடந்து ஒவ்வோரிடத்திலும் ஒன்றை வைத்துவிட்டு வருவது. பழைய முறை, இன்றும் நினைவுப் போட்டிக்காரர்கள் விடாத முறை.

மாத்திரை போட்டேனா?

நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ தினமும் மாத்திரை எடுப்பவர்களுக்கு வரும் சந்தேகம் இது. போட்டது ஞாபகம் இருக்கிறது, அது இன்றா நேற்றா என்பதுதான் தெரியவில்லை. முந்நூறு முறை ஒரே இடத்தில் ஒரே மாதிரிச் செய்த காரியத்தில் இன்றையதை மட்டும் பிரித்துக் காட்ட ஒன்றுமில்லை. யோசித்துக் கண்டுபிடிக்க முயன்றால் இரண்டு முறை போட்டுவிடும் ஆபத்து உண்டு. ஏழு நாள் பெயர் எழுதிய மாத்திரைப் பெட்டி வாங்கி ஞாயிறன்று நிரப்பிவிட்டால் கேள்வியே எழாது: திங்கள் அறை காலியா, போட்டாகிவிட்டது. நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றோடு கட்ட வேண்டும். பசியாறியதும் மாத்திரை என்றால் பசி நினைவூட்டும்.

பெரியவர்களின் மறதி

வயதானால் பெயர்கள் தாமதமாக வருவதும், கண்ணாடியைத் தேடுவதும் இயல்பு. பிறகாவது நினைவு வரும். இயல்பல்லாதவை வேறு: நாற்பது ஆண்டு நடந்த கடைத்தெருவிலிருந்து தாமானுக்குத் திரும்ப வழி தெரியாமல் நிற்பது, ஐந்து நிமிடத்துக்குள் அதே கேள்வியைக் கேட்பது, கேட்டதே நினைவில்லாமல் இருப்பது, ரசம் வைக்கும் வரிசை குழம்புவது, காசு எண்ணத் தடுமாறுவது. ஆல்சைமர் நோய் ஹிப்போகேம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும் ஆரம்பத்திலேயே தாக்குவதால் புது நினைவு முதலில் அடிபடுகிறது.

ஆனால் எல்லா மறதியும் அந்த நோயல்ல. மெட்ஃபோர்மின் மாத்திரையைப் பல ஆண்டு எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை ஆகியவையும் நினைவை மந்தமாக்கும். காது சரியாகக் கேட்காதவருக்குச் சொன்னது பதியவே இல்லை, அதை மறதி என்று எழுதிவிடுகிறோம். ஒரே நாளில், இரண்டே நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் அது சிறுநீர்த் தொற்றாகவோ இரத்தச் சர்க்கரை இறங்கியதாகவோ விழுந்த அடியால் தலைக்குள் இரத்தம் கசிந்ததாகவோ இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

தோட்டப்புறத்தில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று சம்சு. சரியாகச் சாப்பிடாமல் பல ஆண்டு குடிப்பவருக்குத் தயமின் என்னும் வைட்டமின் பி1 வற்றி, நினைவை உறைய வைக்கும் மூளைச்சுற்று நிரந்தரமாகச் சேதமாகலாம். 1880களில் இதை விவரித்த ரஷ்ய மருத்துவர் செர்கேய் கோர்சகோஃப் பெயரிலேயே இந்நோய் அறியப்படுகிறது. இப்படிப்பட்டவரிடம் "நேத்து எங்க இருந்தீங்க?" என்றால், நேற்று பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போனேன், தண்டலோடு சண்டை என்று கோர்வையாகச் சொல்வார். தோட்டம் மூடிப் பதினைந்து ஆண்டு ஆகியிருக்கும். வீட்டார் இதைப் புளுகு என்று ஏசுகிறார்கள். வெற்றிடத்தை மூளை பழைய துண்டுகளால் நிரப்புகிறது, அவருக்கு அது உண்மை. கண் இயக்கம் தடுமாறி, நடை தள்ளாடி, குழப்பம் தொடங்கும் கட்டத்திலேயே மருத்துவமனையில் தயமினை ஊசியாகச் செலுத்தினால் சேதத்தைத் தடுக்க முடியும்.

பாட்டியைப் பார்க்க வரும் பேரப்பிள்ளைகள் செய்யும் முதல் காரியம், "பாட்டி, நான் யாரு சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்பது. இது அன்பு போலத் தெரிந்தாலும் பரீட்சை. தோற்றால் அவர் முகம் சுருங்கும். "பாட்டி, நான் உங்க மூத்த மகன் வீட்டுப் பேரன், கிள்ளான்லேருந்து வர்றேன்" என்று கொக்கியை நாமே கொடுத்துவிட்டால் மிச்சத்தை அவரே இழுத்துக்கொள்வார்.

அரசு சுகாதார கிளினிக்கிற்கு அழைத்துப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். எந்த மாதத்தில் எது மாறியது என்று தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே மூன்று சொற்களைச் சொல்லி, வேறு ஏதோ செய்யவைத்து, சில நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். சொல் வராவிட்டால் "அது ஒரு பழம்" என்று குறிப்புக் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. குறிப்பு கொடுத்ததும் வந்தால் உள்ளே இருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். மனச்சோர்விலும் இப்படி நேரும். குறிப்பு கொடுத்தும் வராவிட்டால் உறையவே இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். இந்தச் சோதனை மலாயிலோ ஆங்கிலத்திலோ நடந்தால், மூன்றாம் வகுப்போடு தோட்டத் தமிழ்ப்பள்ளியை விட்டு வெட்டுக்குப் போனவர் மொழியில் தோற்றாரா நினைவில் தோற்றாரா என்று யாருக்கும் தெரியாது. தமிழில் கேட்கச் சொல்லுங்கள். கேட்கத் தமிழ் தெரிந்தவர் அங்கே இல்லையென்றால், பக்கத்தில் இருப்பவர் சொல்லை மொழிபெயர்க்கலாம். ஆனால் விடையைத் தூண்டிவிடாமல், கேள்வியை அப்படியே, ஒரே ஒரு முறை.